இல்லாத பால்கனி: ஓர் உளவுக் கதையும் பத்தாம் வகுப்பு ஆங்கிலமும்

சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பின் ஆங்கிலத் துணைப்பாட நூல் ‘ஃபுட்பிரின்ட்ஸ் விதவுட் ஃபீட்’. அதில் மூன்றாவதாக வருவது ‘தி மிட்நைட் விசிட்டர்’ என்ற உளவுக் கதை. எழுதியவர் அமெரிக்கரான ராபர்ட் ஆர்தர் (1909–1969). சுமார் ஆயிரம் சொற்கள். ஒரே அறை, மூன்று ஆண்கள், ஒரு துப்பாக்கி, கடைசியில் கதவைத் தட்டும் ஒரு வெயிட்டர். அவ்வளவுதான் கதையின் சாமான்கள்.

நாடு முழுக்க லட்சக்கணக்கான பிள்ளைகள் ஆண்டுதோறும் இதைப் படிக்கிறார்கள். எங்கள் பக்கம் இது நடத்தப்படும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஆசிரியர் வரிவரியாகத் தமிழில் சொல்லுவார். கடினமான சொற்கள் பொருளோடு பலகையில் ஏறும். கையேட்டு விடைகள் நோட்டில் இறங்கும். தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு கதையைத் தானாகப் படித்து ஏமாந்து, ஏமாந்த இடத்தைத் தேடித் திரும்பிப் போகும் இன்பம் மட்டும் கிடைக்காமலே போகிறது. இந்தக் கதையை அப்படி நடத்துவது பெரிய இழப்பு. இதில் சொற்கள் அத்தனையும் தடயங்கள். சில சொற்களை விட்டுவிட்டால் ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்பதே புரியாது. சொல்வளத்தையும் வாசிப்பையும் தனித்தனியாக நடத்தத் தேவையே இல்லாத பாடம் இது. ஒரு வகுப்பில் இதை நடத்திய விதத்தையும், அங்கே நடந்ததையும் விரிவாக எழுதுகிறேன். நோக்கம் இன்னோர் ஆசிரியருக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான்.

கதை என்ன

படிக்காதவர்களுக்காக முதலில் கதை. பாரிஸில் மங்கலான ஓர் ஓட்டல். ஆறாவது மாடி, அதுவே கடைசி மாடி. அங்கே தங்கியிருப்பவர் ஆஸபிள் என்ற ரகசிய ஏஜென்ட். நல்ல பருமன், பேசினாலே மூச்சு வாங்கும். இருபது வருஷத்துக்கு முன் பாஸ்டனிலிருந்து கொண்டுவந்த அமெரிக்க உச்சரிப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகவில்லை. அவரைப் பார்க்க ஃபௌலர் என்ற இளம் எழுத்தாளர் வந்திருக்கிறார். ஒற்றர் என்றால் சாகசம் இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு முழு ஏமாற்றம். அறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டால், கைத்துப்பாக்கியோடு மேக்ஸ் என்ற இன்னோர் ஒற்றன் நிற்கிறான். அன்றிரவு ஆஸபிளிடம் வரவிருக்கும் ஏவுகணை அறிக்கை அவனுக்கு வேண்டும்.

ஆஸபிள் கத்தவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, அந்தப் பால்கனி வழியாக ஆள் ஏறி வருவது ஒரு மாதத்தில் இது இரண்டாவது தடவை என்று ஓட்டல் நிர்வாகத்தின் மேல் எரிந்து விழுகிறார். பால்கனியா, எனக்குத் தெரியாதே, நான் சாவி போட்டு வந்தேன் என்கிறான் மேக்ஸ். பக்கத்து வீட்டுப் பால்கனி தன் ஜன்னலுக்குக் கீழ்வரை நீண்டிருப்பதை ஆஸபிள் விலாவாரியாக விளக்குகிறார். சற்று நேரத்தில் கதவு தட்டப்படுகிறது. போலீஸ் வந்திருக்கும் என்கிறார். போலீஸை அனுப்பிவிடு, நான் பால்கனியில் காத்திருக்கிறேன் என்று ஜன்னல் வழியாக மேக்ஸ் கீழே குதிக்கிறான். ஓர் அலறல். கதவைத் திறந்து வருபவர் பாட்டிலும் கோப்பைகளும் ஏந்திய வெயிட்டர் ஹென்றி. போலீஸும் கிடையாது, பால்கனியும் கிடையாது என்பது கடைசி வரிகளில் தெரிகிறது.

வகுப்பும் காலமும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சிறிய சிபிஎஸ்இ பள்ளி. வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளை ஒன்றிரண்டுதான். மஞ்சள் மண்டியிலும் நூல் மில்லிலும் வேலை பார்க்கிற அப்பா அம்மாக்கள் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிச் சேர்த்த பிள்ளைகள் பலர். ஆங்கிலத்தைத் தடங்கலில்லாமல் உரக்கப் படிப்பார்கள். படித்தது என்ன என்று கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த உரக்கப் படிக்கும் திறமை பெற்றோரையும் ஆசிரியரையும் ஒருசேர ஏமாற்றுகிற ஒன்று. இதைப் பற்றி நம் பள்ளிகளில் போதுமான கவலை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நடத்திய காலம் ஏப்ரல் முதல் வாரம். சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் புதுக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். எங்கள் பள்ளியில் அப்போது புதுப் புத்தகம் இன்னும் கைக்கு வந்திருக்காது. டியூஷனும் சூடு பிடித்திருக்காது. இந்த இடைவெளிதான் எனக்கு வேண்டியிருந்தது. முடிவு தெரிந்துவிட்ட பிள்ளைக்கு இந்தக் கதையில் பாதிப் பாடம் போய்விடும். ஜூலைக்குப் பிறகு நடத்தினால் எல்லோரும் எங்கேயாவது கதைச்சுருக்கம் பார்த்திருப்பார்கள்.

கதையைத் தனித்தனித் தாள்களாகப் பிரித்து ஜெராக்ஸ் எடுத்தேன். தலைப்பை எடுத்துவிட்டேன். கடைசி வரியை மட்டும் ஒரு சின்னச் சீட்டாக வெட்டித் தனியே வைத்துக்கொண்டேன்.

எந்தச் சொல்லை முன்னால் கொடுப்பது

ஒரு புனைகதையைத் துணையில்லாமல் புரிந்துகொள்ள எத்தனை சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற மொழி ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 80 சொற்கள் மட்டுமே தெரிந்திருந்தபோது யாருக்கும் கதை போதுமான அளவு புரியவில்லை. பெரும்பாலோருக்குப் புரிய 98 வரை வேண்டியிருந்தது. அந்தக் கணக்குப்படி ஆயிரம் சொல் கதையில் இருபது சொல் தெரியாமல் இருக்கலாம். என் பிள்ளைகள் பலருக்குத் தெரியாதவை அதைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் முன்கூட்டியே பட்டியல் போட்டால் கதை தொடங்குவதற்குள் மணி அடித்துவிடும். அப்படிக் கொடுத்த பட்டியலும் மனதில் நிற்காது.

இந்தக் கேள்வி நம் துணைக்கண்டத்துக்குப் பழையது. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கும் விதத்தை ஆராய்ந்து 1926இல் எழுதினார். பாதியிலேயே பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைக்கும் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும், அதற்கு வாசிப்பை முன்னால் வைக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் எடுத்தாண்ட சொல் ‘சரண்டர் வேல்யூ’. எல்ஐசி பாலிசியை நடுவில் நிறுத்தினால் திரும்பி வருகிற தொகைக்கு நாம் சொல்லும் அதே சொல். புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, திரும்பத் திரும்ப வரவைக்கும் வாசிப்பு நூல்களை அவர் எழுதினார். 1953இல் அவர் தொகுத்த சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் இன்றும் பேசப்படுகிறது. நம் ஊர் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அவர் பெயர் இன்னும் அதிகம் ஒலிக்க வேண்டும்.

வெஸ்ட் வழியில் எளிமைப்படுத்திய கதையை எடுத்திருக்கலாம். ஆனால் பாடநூலில் இருப்பது இதுதான், தேர்வுக்கும் இதுதான். அதனால் சொற்களை மூன்றாகப் பிரித்தேன். கதையின் சூழ்ச்சி எந்தச் சொல்லின் மேல் நிற்கிறதோ அது ஒரு வகை: சாவியைக் குறிக்கும் ‘பாஸ்கீ’, ஜன்னல் விளிம்பைக் குறிக்கும் ‘சில்’, நீள்கிறது என்னும் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’, அடைப்பதைச் சொல்லும் ‘பிளாக் ஆஃப்’. ஆள் எப்படிப் பேசினான் என்று காட்டுபவை இன்னொரு வகை: கடுகடுப்பாக என்னும் ‘கிரிம்லி’, உம்மென்று என்னும் ‘மூடிலி’, எரிச்சலைச் சொல்லும் ‘இரிட்டேஷன்’, முனகினான் என்னும் ‘மர்மர்ட்’. மீதியெல்லாம் மூன்றாவது. முகத்தைச் சொல்லும் ‘கவுன்டனன்ஸ்’, சப்பென்று இருப்பதைச் சொல்லும் ‘ப்ரோசெய்க்’ போன்றவை நல்ல சொற்கள்தான், ஆனாலும் அவை இல்லாமலும் கதை ஓடும். அவற்றைக் கேட்டால் மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

முதல் வகைச் சொற்களைக்கூட முன்னால் சொல்லவில்லை. அவை வரும் இடத்தில் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். ‘பாஸ்கீ’ வந்ததும் ஒரு பையன், “லாட்ஜுல ரூம் பாய் வெச்சிருப்பாங்களே மிஸ், எல்லா ரூமும் தொறக்கற சாவி” என்றான். அவன் மாமா பவானியில் லாட்ஜில் வேலை செய்கிறாராம். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

முன்னால் சொல்லியே ஆக வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அது சொல்லே இல்லை. நம் வீட்டு ஜன்னல்களுக்குக் கம்பி உண்டு. ஜன்னல் வழியாக ஓர் ஆள் காலைத் தூக்கிப் போட்டு வெளியே போவான் என்பது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்காத காரியம். ‘விண்டோ’ என்ற சொல் எல்.கே.ஜி.யிலிருந்து தெரியும். அந்தச் சொல் மனதில் எழுப்பும் ஜன்னலோ கம்பி போட்ட ஜன்னல். அகராதி இதற்கு உதவாது. அதனால் கதையைத் தொடங்கும் முன்பே, கம்பியில்லாத, ஆள் தாண்டும் அளவுக்குத் திறக்கும் ஓட்டல் ஜன்னல் ஒன்றைப் பலகையில் வரைந்து காட்டிவிட்டேன். நடுவில் சொல்லியிருந்தால் எல்லோரும் ஜன்னலையே பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.

நிறுத்தி நிறுத்திப் படித்தது

ரஸ்ஸல் ஸ்டாஃபர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1960களில் பரப்பிய முறை ஒன்று உண்டு. கொஞ்சம் படி, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகி, அப்படி ஊகிக்க எந்த வரி காரணம் என்று காட்டு, பிறகு மேலே படித்துச் சரிபார். மூன்றாவது படிதான் முக்கியம். வரியைக் காட்டாத ஊகத்தை நான் ஏற்கவில்லை. வாயால் சொல்வது போதாது, தாளில் எழுதி, அந்த வரியின் கீழ்க் கோடு போட வேண்டும்.

விளக்கு எரிந்து மேக்ஸ் தெரிகிற இடம் முதல் நிறுத்தம். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, ஆர்வம் பிடித்துவிட்டது, அவ்வளவே. நிர்வாகத்தோடு பெரிய சண்டை போடப் போவதாக ஆஸபிள் சொல்லும் மரபுத்தொடரில் ‘டெவில்’ என்ற சொல் வரும். இரண்டு மூன்று பேர் கதையில் பேய் வரப்போகிறது என்று எழுதிவிட்டார்கள். ஓட்டல் ரூமில் அடிக்கடி ஆள் புகுந்தால் உங்கப்பா மேனேஜரிடம் என்ன சொல்லுவார் என்று கேட்டேன். “அவன உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவாருங்க மிஸ்” என்று ஒரு பெண் சொன்னாள். பேய் போய்விட்டது.

அடுத்த நிறுத்தம் பால்கனி விளக்கம் முடிகிற இடம். இங்கேதான் நேரத்தைத் தாராளமாகச் செலவு செய்தேன். கதையிலேயே இலக்கணச் சிக்கல் மிகுந்த பத்தி இது. முன்பு ஒரே வீடாக இருந்தது, அந்தக் கதவுக்கு அப்பால் இருக்கும் அறை முன்பு கூடமாக இருந்தது, அதன் பால்கனி இப்போது என் ஜன்னலுக்குக் கீழே நீள்கிறது, இரண்டு கதவு தள்ளி இருக்கும் காலி அறையிலிருந்து அதில் ஏறலாம், அடைத்துத் தருவதாகச் சொன்னார்கள், அடைக்கவில்லை. இத்தனையையும் ஆஸபிள் ஒரே மூச்சில் சொல்கிறார். இதற்குத் தமிழில் விளக்கம் எதுவும் சொல்லாமல், அறையின் வரைபடம் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வரைபடம் பொய் சொல்லாது. ‘டூ டோர்ஸ் டௌன்’ என்பதைப் படித்துவிட்டு வகுப்பில் பாதிப் பேர் காலி அறையைக் கீழ் மாடியில் வரைந்திருந்தார்கள். ‘டௌன்’ என்றால் கீழே என்றுதானே படித்திருக்கிறார்கள். ஒருவன் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கதவே போட்டிருந்தான். எல்லோரையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். நம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, லேப் எங்கே என்று யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லி, ஒரு கதவு, இரண்டு கதவு என்று நடக்கவைத்தேன். திரும்பி வந்து அழித்து வரைந்தார்கள். ‘யூஸ்டு டு பி’ என்ற பயன்பாட்டை ஒன்பதாம் வகுப்பில் நான் பயிற்சித்தாள் போட்டு நடத்தியிருக்கிறேன். அப்போது கோடிட்ட இடத்தை நிரப்பியவர்களுக்கு, நடுச்சுவர் பின்னால் வந்தது என்று வரைபடத்தில் காட்ட வேண்டியபோதுதான் அதன் வேலை தெரிந்தது. முன்னாடி ஒரே ரூம், அப்புறம்தான் தடுத்தாங்க என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சுவரைப் புள்ளிக்கோடாகப் போட்டார்கள்.

மணி அடிக்கும்போது எல்லோருடைய தாளிலும் அழகான பால்கனி இருந்தது. சிலர் அதற்குக் கைப்பிடி வரைந்து பூந்தொட்டிகூட வைத்திருந்தார்கள்.

அடுத்து, கதவு தட்டப்பட்டதும் போலீஸ் என்று ஆஸபிள் சொல்லும் இடம். போலீஸ் உள்ளே வந்ததும் மேக்ஸ் சுடுவான் என்றார்கள் பலர். அலறலும் வெயிட்டரும் வந்தபின் கடைசி நிறுத்தம்: மேக்ஸ் ஏன் அலறினான்? பால்கனியில் முன்பே வேறொருவன் ஒளிந்திருந்தான், போன மாதம் ஒருவன் வந்ததாக வரி இருக்கிறதே என்றது ஒரு கூட்டம். பால்கனி பழசு, உடைந்து விழுந்தது என்றார்கள் சிலர். வெயிட்டர்தான் அறிக்கை கொண்டுவந்த ஆள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எல்லா ஊகங்களும் நன்றாகவே இருந்தன. பால்கனியே இல்லாமல் இருக்கலாம் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

கடைசிச் சீட்டைக் கொடுத்தேன். சற்று நேரம் புரியாமல் பார்த்தார்கள். பிறகு ஒரு பையன் எழுந்து, “அப்ப நான் வரைஞ்சது எதுங்க மிஸ்?” என்று தன் தாளைத் தூக்கிக் காட்டினான். மறுபடி படிக்கலாமா என்று நான் கேட்பதற்குள் பாதிப் பேர் முதல் தாளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பேனாவும் பென்சிலும்

மறுவாசிப்பைத் தண்டனையாகவே பார்க்கும் பிள்ளைகள், இந்தக் கதையின் கடைசி வரிக்குப் பிறகு தானாகத் திரும்பிப் போகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுத்தது இது: அறையைப் புதிதாக வரையுங்கள். கதைசொல்லி சொன்னதைப் பேனாவால் போடுங்கள். ஏதோ ஒரு பாத்திரம் பேச்சில் சொன்னதை மட்டும் பென்சிலால் போடுங்கள்.

அறை பேனா. ஒற்றை ஜன்னல் பேனா. கதவு பேனா. பால்கனி பென்சில். காலி அறை பென்சில். போன மாதம் ஏறி வந்த ஆள் பென்சில். போலீஸ் பென்சில். கதையில் மிக விவரமாக, நம்பும்படியாக வர்ணிக்கப்பட்டதெல்லாம் பென்சிலில் இருந்தது. கதைசொல்லி பால்கனியைப் பற்றித் தன் வாயால் அது இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னது சாதாரண ஜன்னல், அதன்மேல் இருட்டு அப்பிக் கிடந்தது என்பதே. மேக்ஸ் குதித்த இடத்தில் ‘பால்கனி’ என்ற சொல் கதைசொல்லியின் வாக்கியத்தில் வருகிறதே என்று ஒரு மாணவி மடக்கினாள். நல்ல கேள்வி. அந்த வாக்கியத்தைப் பிரித்தோம். பால்கனியில் இறங்குவதற்காகக் கையால் உந்தினான் என்று அது மேக்ஸின் நோக்கத்தைத்தான் சொல்கிறது. அடுத்த வாக்கியத்தில் அவன் விழுகிறான், அலறுகிறான். எங்கே விழுந்தான் என்று அங்கே இல்லை.

இதிலிருந்து அவர்களே எடுத்தவை பல. ஆறாவது மாடி என்ற தகவல் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை வருகிறது. முதல் வாசிப்பில் யாரும் அதற்குக் கீழ்க் கோடு போடவில்லை. ஜன்னலில் இருட்டு என்ற வரிக்கு முதலில் ஒரு மாணவி, சும்மா வர்ணனை என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். இப்போது அதை அடித்துவிட்டு, வெளிச்சம் இருந்தால் மேக்ஸ் எட்டிப் பார்த்திருப்பான் என்று எழுதினாள். ஆங்கிலத்தில் எப்போதும் பின்வரிசையில் இருக்கும், கணக்கில் மட்டும் கெட்டியான ஒருவன் இன்னொன்றைப் பிடித்தான். வரவேண்டிய ஆள் பன்னிரண்டரைக்கு வருவார், இன்னும் 31 நிமிடம் இருக்கிறது என்று ஆஸபிள் சொல்கிறார். அப்படியானால் இப்போது மணி 11:59. தலைப்பு என்னவாக இருக்கும் என்று அவனையே ஊகிக்கச் சொன்னேன். ‘மிட்நைட்’ என்ற பாதியைச் சொல்லிவிட்டான். நள்ளிரவில் வந்த விருந்தாளி மேக்ஸா ஹென்றியா என்ற சண்டை அதிலிருந்து கிளம்பி, தீராமல் நின்றது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் என்று ஆஸபிள் காட்டுகிறாரே, அதைப் பேனாவில் போடுவதா, பென்சிலிலா? விதிப்படி பென்சில். ஆனால் ஒரு பெண் விடவில்லை. “அது பொய்யா இருந்தா மேக்ஸ் திரும்பிப் பாத்து கண்டுபிடிச்சிருப்பான் மிஸ். கதவு நெசமாத்தான் இருக்கோணும்.” பார்த்தால் தெரிகிற ஒன்றை உண்மையாக வைத்து, பார்க்க முடியாததை அதன்மேல் ஏற்றியிருக்கிறார் ஆஸபிள். கதவு தாழிடவில்லை என்று பின்னால் மிரட்டுவதும் அப்படியே. அவர் திறந்து, உள்ளே வந்து, சாத்தியதை நாம் பார்த்தோம், பூட்டியதைப் பார்க்கவில்லை. இந்த நுணுக்கத்தை எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, தாய்மொழியல்லாத ஒரு மொழியில் எழுதிய கதையிலிருந்து இதை எடுக்கிறாள் என்றால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். அவளுடைய இலக்கணப் பிழைகளை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

பாடநூலைத் தயாரித்தவர்களுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். மேக்ஸ் எப்படி உள்ளே வந்தான், எப்படி வந்ததாக ஆஸபிள் சொல்கிறார் என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துக் கதையின் நடுவிலேயே ஒரு பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் தாண்டிவிடுகிற பெட்டி அது. நிறுத்திக் கேட்டால் முழுக் கதைக்கும் அதுவே திறவுகோல்.

குரல்

ராபர்ட் ஆர்தர் வானொலிக்கு நிறைய எழுதியவர். இந்தக் கதையையும் கண்ணை மூடிக் கேட்டால் நாடகமாகவே நடக்கும். அதனால் இரண்டாம் வகைச் சொற்களைக் குரலால் நடத்தினேன். ஒரு வரி, அதன் பின்னால் ஒட்டியிருக்கும் வினையடை, அந்த வினையடை கேட்கும் குரல். ‘கிரிம்லி’ என்றால் கடுகடுப்பாக. அந்தப் பொருளை எழுதிக்கொண்டால் தேர்வு வரை இருக்கும். மேனேஜரைத் திட்டும் வரியை அந்தக் கடுகடுப்போடு வாய்விட்டுச் சொன்ன பிள்ளைக்கு அது வேறு விதமாகப் பதிகிறது. மேக்ஸ் முதலில் மெல்ல முனகுகிறான், பிறகு கெட்ட சிரிப்பு சிரிக்கிறான், கதவு தட்டியதும் உதட்டைக் கடிக்கிறான், கடைசியில் கோபத்தில் முகம் கறுக்கிறது. ஆஸபிள் நேரெதிர்: எரிச்சலில் தொடங்கிப் புன்னகையில் முடிக்கிறார். இரண்டையும் ஒரே தாளில் இரண்டு கோடுகளாகப் போட்டால், கை மாறும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆஸபிளின் எரிச்சலும் நடிப்பு என்பது தெரிந்தபின் அதே வரிகளை மறுபடி படிக்கச் சொன்னேன். ஒரு பையன் அதே கடுகடுப்போடு படித்துவிட்டு, மேக்ஸாக நின்றவன் பார்க்காதபோது ஃபௌலராக நின்றவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கதையில் அப்படி இல்லை, ஆனாலும் அவன் கதையை உள்வாங்கியிருந்தான்.

ஆஸபிள் எப்போது திட்டம் போட்டார் என்பது பாடநூலே கேட்கும் கேள்வி. போலீஸ் பொய் தட்டல் கேட்டபின் தோன்றியது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். வெயிட்டர் வந்து சொல்லும் ஒரு வரி, நீங்கள் திரும்பி வந்ததும் வேண்டும் என்று கேட்டிருந்தீர்களே என்பது, அந்த வாதத்தைச் சாய்த்தது. ஹென்றி வருவார் என்று ஆஸபிளுக்கு முன்பே தெரியும். அதனால் பால்கனியை நாற்காலியில் உட்காரும்போதே அவர் தயார் செய்துவிட்டார், தட்டலுக்காகக் காத்திருந்தார் என்பதே என் கட்சி. வகுப்பு முழுவதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாதவர்களும் வரியைக் காட்டித்தான் மறுத்தார்கள், எனக்கு அது போதும். மேக்ஸைக் கொன்றது நியாயமா என்றும் பேச்சு வந்தது. துப்பாக்கி அவன் கையில்தானே இருந்தது என்று பையன்கள் சுலபமாக முடித்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் முடிக்கவில்லை. அவர்களை அதையே ஒரு பத்தியாக ஆங்கிலத்தில் எழுதிவரச் சொன்னேன், எழுதிவந்தார்கள்.

விடுமுறைக்குப் பிறகு

ஜூனில் பள்ளி திறந்ததும், முன்னறிவிப்பில்லாமல், கதையில் இல்லாத புது வாக்கியங்களில் இதே சொற்களை வைத்துக் கேட்டேன். சூழ்ச்சியைத் தாங்கிய சொற்கள் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருந்தன. குரலோடு படித்த வினையடைகள் பெரும்பாலும் இருந்தன. ஒரு வரியில் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்தவை பெரும்பாலோரிடம் இல்லை. ‘கவுன்டனன்ஸ்’ என்பதைக் கணக்கு என்று எழுதியவர்களே அதிகம். எதிர்பார்த்ததுதான். அந்தச் சொற்களை வேறு கதைகளில் மறுபடி சந்திக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முறை எல்லோருக்கும் ஒரேபோல் வேலை செய்யவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறும் சில பிள்ளைகளுக்கு, நிறுத்தங்களுக்குள் தாளை முடிக்கவே நேரம் போதவில்லை. அவர்களுக்கு முதல் நாள் மாலையே அடுத்த தாளைக் கொடுத்து, நான் படித்துப் பதிவு செய்த குரலைப் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டு வந்தவர்கள் வரைபடத்தில் மற்றவர்களுக்குச் சமமாக நின்றார்கள். ரகசியத்தையும் காப்பாற்றினார்கள், அதில் அவர்களுக்கு ஒரு கர்வம். ஆனால் இவர்களுக்கு வேண்டியது அடிப்படை வாசிப்புப் பயிற்சி. அதற்கு இந்தக் கதை மாற்றாகாது.

கற்றது வேறு கதைக்குப் போகிறதா என்று பார்க்க, அதே நூலில் அடுத்து வரும் ‘எ கொஸ்டின் ஆஃப் டிரஸ்ட்’ வசதியாக இருந்தது. விக்டர் கேனிங் எழுதியது. ஹொரேஸ் டேன்பி என்ற திருடன் ஆளில்லாத வீட்டில் பெட்டகத்தைத் திறக்கப் போகிறான். சிவப்பு உடையில் ஓர் இளம்பெண் வாசலில் வந்து நிற்கிறாள், நாயைப் பெயர் சொல்லி அதட்டுகிறாள், கணப்பின் மேலிருக்கும் அலங்காரப் பொருள்களைச் சரிசெய்கிறாள். வீட்டுக்காரி என்று நம்பி ஹொரேஸ் அவளுக்காகப் பெட்டகத்தைத் திறந்து கொடுக்கிறான். அவளும் திருடிதான்.

இப்போது புத்தகம் எல்லோர் கையிலும் இருந்தது, சிலருக்கு முடிவும் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவள் பேசும் முதல் பத்தியோடு நிறுத்தினேன். யாரும் கேட்காமலே பென்சிலை எடுத்தார்கள். கதவு விஷயத்தில் என்னிடம் வாதாடிய அதே பெண், அவள் வீட்டுக்காரி என்று கதை சொல்லவில்லை, அவள் பேச்சும் அதை நேராகச் சொல்லவில்லை, ஹொரேஸ்தான் அப்படி எடுத்துக்கொள்கிறான் என்று எழுதியிருந்தாள். சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டு அவனைக் கையுறையைக் கழற்றவைக்கும் இடத்தை மட்டும் முதல் வாசிப்பில் அநேகமாக எல்லோரும் தவறவிட்டார்கள். விரல்ரேகை என்ற விஷயம் வந்ததும், கையுறை எந்தப் பக்கத்தில் கழன்றது என்று தேடிப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டும் சத்தம் வகுப்பில் கேட்டது. நான் எதுவும் சொல்லவில்லை, அடுத்த பாடவேளை ஆசிரியர் வந்து வாசலில் நிற்கும்வரை அவர்கள் தேடினார்கள்.